பெரியவர் சாப்பிட்டாரா?

சின்ன மீன் வளர்ப்பவர்களால் யாருக்கும் தொல்லை கிடையாது. ஒரு கண்ணாடி ஜாடி, அதில் விரல் நீளத்தில் நாலைந்து சிவப்பு மீன், காலையில் ஒரு சிட்டிகைத் தீனி, அவ்வளவுதான். செத்தால் கொஞ்சம் வருத்தப்படுவார்கள், மறுவாரம் வேறு வாங்குவார்கள், மற்றபடி நம்மைப் போலவே வெயிலைப் பற்றியும் முதுகுவலியைப் பற்றியும் பேசிக்கொண்டு காலம் தள்ளுவார்கள். அவர்களை விட்டுவிடுவோம். இங்கே நாம் பார்க்கப்போவது வேறு இனம். பெரிய மீன் வளர்ப்பவர்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். சட்டையின் வலது கை, இடது கையைவிட ஒரு மடிப்பு அதிகமாகச் சுருட்டியிருக்கும். அந்த மடிப்பு ஈரமாகவும் இருக்கும். துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட, சுவரோரம் ஆறடி சும்மா கிடக்கிறதே, ஒரு தொட்டி வைக்கலாமே என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருப்பார். "மீன் வளர்க்கிறேன்" என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. "நம்ம வீட்ல ஒருத்தர் இருக்கார்" என்பார். நீங்கள் அவர் வீட்டுக்குப் போனால், எங்கே உட்காரலாம் என்று சொல்வதற்கு முன்னால் எங்கே நிற்கக்கூடாது என்று சொல்வார். கையை ஆட்டிப் பேசக்கூடாது, அவருக்குப் பிடிக்காது. மஞ்சள் சட்டை ஆகாது, அவர் மிரண்டுபோவார். உங்களுக்குக் காபி வருமா? வரும். முதலில் அவர் சாப்பிடட்டும்.

இந்த இனத்தில் தலைசிறந்தவர் என்று ஒரு பல் டாக்டரைச் சொல்லலாம். ஐம்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத கனத்த குரல். மாடியில் வீடு, கீழே மருத்துவமனை. கீழே முன்பக்கம் நோயாளிகள் காத்திருக்கும் அறை, பின்பக்கம் நாற்காலி போட்ட அறை, நடுவில் கதவில்லாத ஒரு வாசல். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் குடைந்துகொண்டே தலையைத் திருப்பினால் தொட்டி தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த வாசலின் கதவு கழற்றப்பட்டது. முன்னறையின் நீளச் சுவர் முழுக்கத் தொட்டிதான். அங்கே இருந்த பெஞ்சு, தொட்டி வந்ததும் எதிர்ச்சுவருக்குப் போனது. பிறகு, மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து முறைப்பது மீனுக்குப் பிடிக்கவில்லை என்று தெரு வாசலைப் பார்த்துத் திரும்பியது. பல்வலிக்காரர்கள் ஆறு பேர், கன்னத்தில் கை வைத்தபடி, நகராத பேருந்தில் ஏறியவர்கள்போலத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

பொதுவாகப் பெரிய மீன்காரர்களுக்குக் காது கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். தூரத்தில் வருவதைப் பார்த்தே சொந்தக்காரர்கள் வேறு தெருவில் திரும்பிவிடுவார்கள். பல் டாக்டருக்கு அந்தக் கவலை இல்லை. நாளைக்குப் பதினைந்து பேர், மல்லாந்து, வாயைத் திறந்து, ஓட முடியாத நிலையில் அவருக்குக் கிடைத்தார்கள். ஊசி போட்டுவிட்டு, ஈறு மரத்துப்போகக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில், பஞ்சை அடக்கி, எச்சில் உறிஞ்சும் குழாயையும் மாட்டிவிட்டு ஆரம்பிப்பார்.

"இன்னிக்கு என்ன பண்ணார் தெரியுமா?"

யார் என்று கேட்க நோயாளிக்கு வழியில்லை. "ஆ" என்பார்.

"அதேதான்" என்பார் டாக்டர்.

அவர் என்றால் பெரியவர். பெரியவர் என்றால் மாமனாரோ பெரியப்பாவோ இல்லை. கரிய உடம்பில் செங்கல் நிறத் திட்டும், வாலுக்குப் பக்கத்தில் கண் மாதிரி ஒரு வட்டமும், தடித்த உதடும், யார் எதைச் சொன்னாலும் நம்பாத முகமுமாக, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளமுள்ள ஒரு மீன். கடைக்காரர் அதற்கு ஆஸ்கார் என்று பெயர் சொல்லி, கட்டைவிரல் அளவில் இருந்தபோது பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார். "வளருமா?" என்று டாக்டர் கேட்டதற்கு "கொஞ்சம் வளரும்" என்றார். மீன் கடைக்காரர்களின் கொஞ்சத்தை நம்பியவர்கள் கதை எல்லாம் இப்படித்தான் முடியும். ஒரு வருடத்தில் ஜாடி பெட்டியாகி, பெட்டி தொட்டியாகி, தொட்டி சுவராகிவிட்டது.

தினமும் காலை பத்து மணிக்குக் கீழேயிருந்து மாடிக்குக் குரல் போகும், அல்லது மாடியிலிருந்து கீழே வரும்: "பெரியவர் சாப்பிட்டாரா?" மனைவி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். முப்பது வருடம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியவர், கணவரைத் திருத்த முடியாது என்று கண்டுபிடித்துப் பேனாவை மூடி வைத்துவிட்டவர். "சாப்பிட்டார், நீங்க வாங்க" என்பார். ஒருமுறை அவருடைய தங்கை கணவர் ஊரிலிருந்து வந்திருந்தார். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், பார்க்காமல் போனால் மரியாதையில்லை என்று, பழம் வாங்கிக்கொண்டு கீழே போனார். தொட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார். பழத்தைப் பெரியவர் முகர்ந்தும் பார்க்கவில்லை.

தண்ணீர் மாற்றினால் பெரியவருக்குக் கோபம் வரும். தொட்டியின் அடியில் போய்ப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, ஒரு கண்ணால் மேலே பார்ப்பார். இந்த ஜாதி மீனுக்கு இது வழக்கம்தான், ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடும். ஆனால் முதல்முறை இதைப் பார்த்த அன்று டாக்டர் காலை நேர நோயாளிகள் அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினார். காரணம் கேட்டவர்களிடம், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னார். பெரியவருக்குத் துணை இல்லாத குறைதான் இது என்று பிறகு அவருக்குத் தோன்றியது. இன்னொரு மீன் வந்தது, கொஞ்சம் சின்னது. அதற்கு அம்மணி என்று பெயர் வைத்தார். இரண்டும் நாலு மாதம் வாயோடு வாய் கவ்வி இழுத்துச் சண்டை போட்டன. மற்றவர்களாக இருந்தால் செதில் போகுமே என்று கவலைப்படுவார்கள். இவர் தாடை நகர்ந்துவிடுமே என்று கவலைப்பட்டார்.

அதன்பின் ஒரு திங்கட்கிழமை காலை, நர்ஸ் அக்கா வந்து டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தொட்டிக்கு முன்னால் கூட்டிப்போனார். நர்ஸ் அக்கா அங்கே பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவர். எல்லோருக்கும் அக்கா, டாக்டருக்கும் அக்கா. தொட்டியின் அடியில் கிடந்த தட்டைக் கல்லின் மேல் கடுகு அளவில், மங்கிய மஞ்சளில், வரிசை வரிசையாக முட்டை. ஆயிரம் இருக்கும். இன்னும் இட்டு முடியவில்லை. இட்டுக்கொண்டிருந்தது பெரியவர்.

இதில் டாக்டருக்கு ஒரு சின்னச் சிக்கல். மூன்று வருடமாக அவர் பெரியவரின் ஆண்மையைப் பற்றிப் பல பேரின் திறந்த வாய்க்கு மேலே நின்று பேசியிருக்கிறார். அந்தப் பார்வை என்ன, அந்த முறைப்பு என்ன, ஆம்பளைன்னா அப்படி இருக்கணும் என்றெல்லாம். நல்லவேளை, தமிழில் மரியாதைக்கு ஒரு வசதி உண்டு. அவர், வந்தார், சாப்பிட்டார் என்றால் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்க முடியாது. பெரியவர் பெரியவராகவே நீடித்தார். அம்மணியைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. துரை என்று மாற்றிப் பார்த்தார். நர்ஸ் அக்கா கேட்கவில்லை. "அம்மணி அம்மணிதான். பேர் வச்சா வச்சதுதான்" என்று முடித்துவிட்டார்.

முட்டை இட்ட அன்று என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? எதிரே மருந்துக் கடைக்காரர் கூப்பிடப்பட்டார். பக்கத்துத் தையல்காரர் கூப்பிடப்பட்டார். நாற்காலியில் பாதி அடைத்த பல்லோடு படுத்திருந்த ஒருவர், கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்துவந்து பார்த்தார். டாக்டர் தலையில் மாட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் மூக்கை அழுத்தினார். டார்ச் அடித்தார், படம் எடுத்தார், படம் சரியாக வரவில்லை என்று ஸ்டூல் மேல் ஏறி மேலேயிருந்து எடுத்தார். மறுநாள் காலையில் கல் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. இரண்டும் தின்றுவிட்டிருந்தன. பெரியவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. வயிறு மட்டும் லேசாகப் புடைத்திருந்தது.

காரணத்தை டாக்டர் உடனே கண்டுபிடித்துவிட்டார். நர்ஸ் அக்கா தரை துடைக்கும் மருந்தின் நெடி. பதினெட்டு வருடமாக அதே மருந்துதான். அக்கா அன்றிலிருந்து வெறும் தண்ணீரில் துடைத்தார்.

ஒன்றரை மாதம் கழித்து இரண்டாம் முறை முட்டை வந்தது. இந்தத் தடவை டாக்டர் பாடம் கற்றிருந்தார். அந்தப் பாடம் என்னவென்றால், கெடுப்பது மற்றவர்கள். ஆகவே முன்னறையை அடைத்துவிட்டு, நோயாளிகளை மாடிப்படியில் படிக்கு ஒருவராக உட்காரவைத்துவிட்டு, தான் மட்டும் ஸ்டூல் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். கால் மணிக்கு ஒருமுறை நோட்டில் குறிப்பு எழுதினார். அம்மணி துடுப்பால் விசிறுகிறது. பெரியவர் கல்லைச் சுற்றுகிறார். அம்மணி மறுபடியும் விசிறுகிறது. மத்தியானம் முட்டைகளுக்கு நடுவில் வெள்ளையாக இரண்டு தெரிந்தன. சொத்தை. விட்டால் பக்கத்தில் பரவும். பிடுங்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? பல் மருத்துவத்துக்கு வைத்திருந்த நீள இடுக்கியை எடுத்துக்கொண்டு முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டார்.

இந்த இடத்தில் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே மகள். அவளும் பல் டாக்டர். படிப்பை முடித்துவிட்டு அப்பாவிடம் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இந்த ஒன்றரை வருடத்தில் அவள் தனியாக எத்தனை பல் எடுத்திருக்கிறாள்? ஒன்றுகூட இல்லை. இடுக்கியைக் கையில் எடுப்பாள். டாக்டர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். "கொஞ்சம் இடது பக்கம்" என்பார். "இல்ல, உன் இடது இல்ல, அவரோட இடது" என்பார். "பதறாத" என்பார், அதுவரை பதறாதவள் அப்போது பதறுவாள். நோயாளியின் கண்கள் மேலே இரண்டு முகத்துக்கும் நடுவில் மாறி மாறி ஓடும். கடைசியில் "சரி, குடு" என்பார். அந்தக் 'குடு'வை அவர் கோபமாகச் சொல்வதில்லை. பாசமாகத்தான் சொல்வார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அம்மணி டாக்டரின் விரலைக் கடித்த அதே நிமிடத்தில் மகள் முன்னறைக் கதவைத் திறந்தாள். "அப்பா, அந்தக் கடைவாய்ப்பல்காரர் ஒரு மணி நேரமா படியில உட்கார்ந்திருக்கார். நான் எடுத்துடட்டுமா?" டாக்டர் விரலை உதறிக்கொண்டு திரும்பினார். மறுபடி தொட்டியைப் பார்த்தபோது, பெரியவர் கல்லின் மேல் ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒழுங்காக, அவசரமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்குக் கொஞ்சம்கூடப் பொறுமை கிடையாது" என்றார் டாக்டர். "எதையும் அதுபாட்டுக்கு விடணும். அது உனக்கு வராது."

கடைவாய்ப்பல்காரரின் பல்லை அன்று டாக்டரே எடுத்தார். மாலையில் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது அவள் சொன்னாள், ஊரின் மறுபக்கத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் கேட்டிருந்தாள், வேலை கிடைத்துவிட்டது, ஒண்ணாம் தேதியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று.

"அங்க உன்னை யார் பார்த்துப்பாங்க?" என்றார் டாக்டர்.

"யாரும் பார்க்க மாட்டாங்கப்பா. அதுக்குத்தான் போறேன்."

டாக்டர் தட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தொட்டியில் ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரும்பிவர அரைமணி ஆயிற்று.

அடுத்து நடந்தது அவர் கையில் இல்லை, வாயில் இருந்தது. கீழ்வரிசையின் கோடியில் ஒரு ஞானப்பல் ஒரு வருடமாக அவரைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. வலியோடு வருகிறவர்களிடம் "ஏன் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே, இவர் கிராம்பைக் கடித்துக்கொண்டு தள்ளிப்போட்டிருந்தார். ஒண்ணாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது முகம் ஒரு பக்கம் வீங்கியது. மறுநாள் வாயில் இரண்டு விரல் நுழையவில்லை. கூடப் படித்த பழைய நண்பர் ஒருவரிடம் போகலாம் என்று பார்த்தார். நண்பர் வெளியூரில் இருந்தார். மனைவி ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து முகத்துக்கு முன்னால் பிடித்தார். "கீழ இறங்கி அந்த நாற்காலியில உட்காருங்க. வீட்ல ஒரு டாக்டர் சும்மா இருக்கா" என்றார்.

இருபது வருடமாகத் தன்னுடையதாக இருந்த நாற்காலியில் டாக்டர் அன்றுதான் முதன்முதலில் படுத்தார். நேர் மேலே கூரையில், யானைக்காது வடிவத்தில் ஒரு பழைய ஈரக்கறை இருந்தது. இருபது வருடமாக இந்த ஊரே அதைப் பார்த்திருக்கிறது, அவர் பார்த்ததில்லை. மகள் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பல் குறுக்கே படுத்திருந்தது. ஈறைக் கீறி, துண்டாக்கித்தான் எடுக்க வேண்டும். ஊசி போட்டாள். "கொஞ்சம் இட..." என்று டாக்டர் ஆரம்பித்தார். அவள் எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டினாள்.

"ஆ" என்றார் டாக்டர்.

"அதேதான்" என்றாள் மகள். நர்ஸ் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. கண்ணை மூடிக்கொண்டு, அவள் எங்கே தப்பு செய்கிறாள் என்று டாக்டர் காத்திருந்தார். கீறியது சரி. பிடித்த பிடி சரி. பிளந்த இடம், அவராக இருந்தால் இன்னும் ஒரு நூல் தள்ளிப் பிளந்திருப்பார், ஆனால் யோசித்துப் பார்த்தால் இதுவே மேல். தையல் நாலு, நாலும் சரி. குறை சொல்ல ஒன்றும் அகப்படாதது பல்லைவிட அதிகமாக வலித்தது.

மூன்று நாள் பேசக்கூடாது, தையல் பிரிக்கும் எட்டாம் நாள் வரை கீழே இறங்கவே கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். பேசாமல் இவரால் கீழே நிற்க முடியாது என்பது ஒரு காரணம். பல் டாக்டரின் முகமே இப்படிப் பூசணிக்காயாக இருப்பதைப் பார்த்தால் வருகிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்பது, மனைவி சொன்ன காரணம். மனைவி மாடிப்படியின் மேல்முனையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்து பழகியவர். ஒரு கொசு தாண்டாது.

மறுநாள் காலை மூன்றாம் முறையாக முட்டை வந்தது.

நர்ஸ் அக்கா பார்த்தார், மகளைக் கூப்பிட்டார். இருவரும் ஒரு நிமிடம் நின்றார்கள். பிறகு மகள் அலமாரியிலிருந்து அறுவை சிகிச்சைக்கு விரிக்கும் பச்சைத் துணியை எடுத்துவந்து தொட்டி முழுவதையும் மூடினாள். யாரும் பக்கத்தில் போகக்கூடாது. தீனியை ஓரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அக்கா உடனே வந்துவிட வேண்டும். அப்பாவிடம் யாரும் மூச்சு விடக்கூடாது. அவ்வளவுதான் ஏற்பாடு. அதன்பின் அவளுக்குத் தொட்டியைப் பற்றி நினைக்க நேரமில்லை. பதினைந்து பேர் காத்திருந்தார்கள், தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

மாடியில் டாக்டர் துண்டுத்தாளில் எழுதி எழுதிக் காட்டினார். 'பெரியவர் சாப்பிட்டாரா?' மனைவி "சாப்பிட்டார்" என்றார். 'எவ்வளவு?' "வழக்கம்போல." 'படுத்துக்கொண்டாரா?' "நீங்க படுங்க." அந்தப் பதிலில் ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டது. மூன்றாம் நாள் காலை மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, வெறுங்காலோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். எட்டாவது படியிலிருந்து முன்னறை தெரியும். தெரிந்தது. தொட்டியின் மேல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒரு துணி போர்த்தியிருந்தது.

டாக்டர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எதற்குத் துணி போர்த்துவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தன்னிடம் சொல்லக்கூடாது என்று எல்லோரும் பேசி வைத்திருக்கிறார்கள். உடம்பு தேறட்டும் என்று காத்திருக்கிறார்கள். இன்னும் பத்துப் படி இறங்கித் துணியைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். அதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை. உயிரோடு இருப்பதை ஆயிரம் தடவை எட்டிப் பார்த்தவர், இதைப் பார்க்க முடியாமல் மெதுவாக மேலே ஏறிப்போய், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப்பின் துண்டுத்தாள் வரவில்லை. மனைவிக்கு ஆச்சரியம். பேச அனுமதி வந்த பிறகும் அவர் பேசவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. ஆறு மாதமாக இவர் ராவி ராவிப் பொருந்தாத பல்செட்டைச் சுமந்துகொண்டிருந்த தையல்காரர், உள்ளே போன பத்தாவது நிமிடம் வெளியே வந்து, தெருவில் நின்றபடியே எதையோ கடகடவென்று கடித்துச் சாப்பிட்டார். டாக்டருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அந்தப் பல்செட்டைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. ஆனால் எதையும் நினைத்தால் அது பச்சைத் துணியில் போய்த்தான் நின்றது.

ஐந்தாம் நாள் அவர் கண்ணைத் துடைப்பதை மனைவி பார்த்துவிட்டார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினார். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் கணவர் அழுது அவர் பார்த்ததில்லை. மகள் போகப்போகிறாள், அதுதான் என்று புரிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விடுங்க" என்றார். "எத்தனை நாள் நாமளே பொத்தி வச்சுக்க முடியும்? போற நேரம் வந்தா போகத்தானே வேணும்."

டாக்டர் மீனை நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். "என் கண்ணு முன்னாடியே வளர்ந்தது" என்றார். "நான்தான் சும்மா விடாம நோண்டிக்கிட்டே இருந்தேன். அதுதான் இப்படி ஆயிடுச்சு."

மனைவி திகைத்துப்போனார். முப்பத்தோரு வருடமாகத் திருந்தாத விடைத்தாள் தானாகவே திருந்தி வந்து மடியில் விழுந்தால் யார்தான் திகைக்க மாட்டார்கள்? நேராகக் கீழே போய் மகளிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். மகள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கைகழுவும் தொட்டிக்கு முன்னால், குழாயைத் திறக்காமல், நின்றுகொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் தையல் பிரித்தாயிற்று. "வாங்கப்பா, ஒண்ணு காட்டணும்" என்று மகள் முன்னறைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் தன்னைத் திடப்படுத்திக்கொண்டு, எதையும் தாங்குகிற முகத்தோடு வந்து நின்றார். அவள் துணியை ஒரு பக்கமாக விலக்கினாள். பெரியவர் இருந்தார். அம்மணியும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில், ஊதினால் கலைந்துவிடும் தூசி மேகம்போல, கண்ணும் வாலும் மட்டுமே உள்ள நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மிதந்துகொண்டிருந்தன. டாக்டரின் முகம் கண்ணாடியில் தெரிந்ததும் அம்மணி பாய்ந்துவந்து உள்ளேயிருந்து முட்டியது. டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். தெருவைப் பார்த்திருந்த பெஞ்சு. கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா இது இருந்திருக்காதுப்பா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா சொன்னாங்க" என்றாள். "நோண்டிக்கிட்டே இருந்தேன்னு சொன்னீங்களாமே. அழுதீங்களாம். நான் போறதை நினைச்சு."

டாக்டர் வாயைத் திறந்தார். அது மீனுக்காக அழுதது என்று சொல்ல இந்த உலகத்தில் எந்தக் கனத்த குரலாலும் முடியாது. வாயை மூடிக்கொண்டார். குழாயும் பஞ்சும் இல்லாமல், யாரும் சொல்லாமல், தானாக அவர் வாயை மூடிய நாள் என்று நர்ஸ் அக்கா அதை ஞாபகம் வைத்திருக்கிறார்.

"நான் போகலைப்பா. ஆனா பின்னாடி சாமான் போட்டு வச்சிருக்கிற ரூமை எனக்குக் குடுங்க. ஒரு நாற்காலி போட்டுக்கறேன். கதவு வேணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கதவுல கண்ணாடி வேண்டாம்" என்றாள்.

அறை வந்தது, கதவு வந்தது, பாதி நோயாளிகள் அந்தக் கதவைத் தாண்டித்தான் போகிறார்கள். டாக்டர் திருந்திவிட்டாரா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. பத்தாம் நாளே மருந்துக் கடைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: "முதல் ரெண்டு தடவை வேணும்னேதான் விட்டுப் பார்த்தேன். மூணாவது தடவை ஒரு முறையைக் கையாண்டேன். முழு இருட்டு. ஒரு வாரம் நான் கிட்டயே போகலை. அதுக்கெல்லாம் ஒரு மனக்கட்டுப்பாடு வேணும்." முறையின் விவரங்களை அடுத்த மாதம் ஊசி போட்டுக்கொண்ட எல்லோரும் மல்லாந்தபடி கேட்டார்கள். குஞ்சுகள் வளர்ந்தன. முந்நூற்றுச் சொச்சத்தை ஒரே சுவரில் வைத்திருக்க முடியாதே, ஆகவே பல்லைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் கையில் பிளாஸ்டிக் பையில் ஆளுக்கு இரண்டு மீன் கொடுத்தனுப்பினார். வாய் மரத்திருந்ததால் யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வளருமா என்று சைகையால் கேட்டவர்களிடம் "கொஞ்சம்" என்றார். இப்போது அந்த வட்டாரத்தில் வலது கைச் சட்டை ஈரமாக நடமாடுகிறவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது என்கிறார் மருந்துக் கடைக்காரர். அவரும் கையைச் சுருட்டிக்கொண்டுதான் சொல்கிறார்.

நம் வீட்டில் மீன் இல்லை, நல்லகாலம் என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கலாம். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், பக்கத்து அறையில் உங்கள் வீட்டு மனிதர் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறார். ஆணி அடிக்கிறாரோ, பெட்டி அடுக்குகிறாரோ, முதன்முறையாகச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாரோ. கொஞ்ச நேரமாகச் சத்தமே வரவில்லை. சத்தம் வராதது உங்களுக்கு என்னவோபோல் இருக்கிறது. வாயே திறக்காமல், சும்மா ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று பாதி எழுந்தும்விட்டீர்கள்.

உட்காருங்கள்.